தகட்டின் மறுபக்கம்

பழைய கேம்பர் வேன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சின் சத்தத்தைத்தான் காது கொடுத்துக் கேட்பார்கள். பிரிட்டனில் இந்த வண்டிகளோடு நெடுநாள் புழங்கியவர்கள் முதலில் டார்ச்சும் கையுமாகத் தரையில் படுத்து, வண்டியின் அடியைப் பார்ப்பார்கள். எஞ்சினைக் கழற்றி வேறொன்று மாட்டிவிடலாம். தகடு போய்விட்டால் செலவுக்குக் கணக்கே கிடையாது.

1979இல் வந்த ஃபோக்ஸ்வாகன் டி3 வேனை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் இதை டி25 என்பார்கள். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா போன்ற நிறுவனங்கள் இதற்குள் அடுப்பு, சிங்க், மடக்குக் கட்டில் எல்லாம் பொருத்திக் குடித்தனத்துக்குத் தயார் செய்து விற்றன. வண்டியின் பாடி, பல தகடுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஸ்பாட் வெல்டிங் செய்தது. சேரும் கோடுகளில் சீலன்ட் பூசியிருக்கும். வருடங்கள் போகப் போக அது இறுகி மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசல் வழியே மழைநீர் உள்ளே இழுபடும். நுழைந்த நீர் எளிதில் காய்வதில்லை.

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து வேண்டும். நீரில் உப்பு கலந்தால் அது மின்சாரத்தை இன்னும் நன்றாகக் கடத்தும், வேதிவினை வேகமெடுக்கும். குளிர்காலத்தில் பனி உறையாமலிருக்கப் பிரிட்டன் சாலைகளில் தூவும் உப்பு அடித்தகட்டைத் தின்பது இதனால்தான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் அப்பளம் போல உப்புகிறது. நுண்துளை நிறைந்த துரு ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கேம்பர் வேனுக்கு இன்னொரு எதிரி உள்ளேயே இருக்கிறது. தூங்குபவர்களின் மூச்சு, கொதிக்கும் கெட்டில், ஏன், எரியும் கேஸ்கூட நீராவியைத் தருகிறது. அது மரப்பலகைக்குப் பின்னால் உள்ள குளிர்ந்த தகட்டில் வியர்த்து, இன்சுலேஷன் பஞ்சில் ஊறிக் கிடக்கும். வெளியே நாணய அளவில் ஒரு கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவு அரித்திருக்கலாம் என்றே எண்ண வேண்டும்.

டி3யின் சீலன்ட் பூசிய தகட்டுக் கோட்டில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து நெம்பிப் பார்த்தால் தெரியும். சீலன்ட் நாடாவாக உரிந்து வரும். அடியில் செங்காவித் தூள், அதற்கும் கீழே செதில் செதிலாகப் பிரியும் தகடு. இதன் மேல் பட்டி பார்த்து பெயின்ட் அடித்து விற்பது பட்டப்பகல் ஏமாற்று. பட்டி ஈரத்தை உறிஞ்சும். விரைவிலேயே அதே இடம் மறுபடி உப்பும்.

மேலோட்டமான துரு என்றால் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போதும். குழிகளில் மிஞ்சியதற்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி தடவலாம். அது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். ஆனால் ஓட்டை விழுந்த தகட்டுக்கு எந்தப் புட்டியிலும் மருந்தில்லை. பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்து, அளவாக நறுக்கிய புதுத் தகட்டை வைத்து மிக் வெல்டிங் செய்ய வேண்டும். மெல்லிய தகடு சூட்டில் நெளியும் என்பதால், கை தேர்ந்தவர்கள் ஒரேயடியாக ஓட்டாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு வைத்து, ஆறவிட்டுத் தொடர்வார்கள். அதற்கு முன் கேஸ் சிலிண்டரை இறக்கி, பஞ்சையும் பலகையையும் கழற்றிவிடுவது கட்டாயம். ஒரு பொறி போதும். பிறகு எபாக்சி பிரைமர், புது சீலன்ட், பெயின்ட்.

சஸ்பென்ஷன், சீட் பெல்ட் பொருந்தும் இடங்களிலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு வலுவிழந்திருந்தால், வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் பிரிட்டனின் எம்ஓடி சோதனையில் அது தேறாது.

வருமுன் காக்க, மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு தெளிப்பதுதான் என் கணக்கில் முதல் வேலை. முனையில் நாலா பக்கமும் பீய்ச்சும் நீண்ட குழாயை உள்ளே விட்டு, மெதுவாக இழுத்துக்கொண்டே அடிப்பார்கள். அடியிலுள்ள வடிதுளைகளில் மெழுகு சொட்டினால் உள்ளே பரவியிருக்கிறது என்று தெரியும். மெழுகு இறுகியதும் துளைகளில் கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிட வேண்டும். அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளேயே தேங்கும். தரையில் கேஸ் பெட்டிக்கு அடியில் இருக்கும் துளையைத் துருவுக்குப் பயந்து மூடிவிடக் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் வெளியேற அதற்கு அந்த வழிதான்.