மந்திரம் எதுவரை செல்லும்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974-இல் அமெரிக்காவில் வெளியான விளையாட்டு. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையை நடத்திச் செல்வார்கள். எதிரிகளையும் மற்ற உலகத்தையும் டன்ஜன் மாஸ்டர் என்ற நடத்துநர் கவனித்துக்கொள்வார். கதாபாத்திரங்கள் ஏவும் ஒவ்வொரு மந்திரத்துக்கும் விதிநூலில் ஓரிரு பத்தி விளக்கம் உண்டு. ஆட்டத்தில் எழும் சூழ்நிலைகளுக்கோ கணக்கில்லை. வாக்குவாதம் பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

தண்ணீரை உண்டாக்கும் மந்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அது முதல் நிலை மந்திரம். அதாவது புதிதாக ஆட வருபவருக்கும் கிடைப்பது. 30 அடிக்குள் இருக்கும் திறந்த கலத்தில் 10 கேலன், ஏறக்குறைய 38 லிட்டர், நல்ல தண்ணீரை அது வரவழைக்கும். எதிரியின் நுரையீரலும் வாய் வழியே திறந்திருக்கும் கலம்தானே, அதை நிரப்பிவிட்டால் என்ன என்று கேட்காத ஆட்டக்குழு அரிது.

கூடாது என்பதே சரியான தீர்ப்பு. கலம் என்றால் குடம், வாளி, தொட்டி. உயிருள்ளவரின் உறுப்பை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. காயப்படுத்தும் மந்திரமானால் எவ்வளவு சேதம் என்பதை விதிநூலே சொல்லிவிடும். தீக்கோள மந்திரத்துக்கு எட்டு ஆறுமுகப் பகடைகள் என்று கணக்கே உண்டு. தண்ணீர் மந்திரத்தில் சேதம் என்ற பேச்சே இல்லை. ஒரே சொல்லில் உயிரைப் பறிக்கும் மந்திரம் உச்சமான ஒன்பதாம் நிலையில் இருக்கிறது. அதுகூட 100 உயிர்ப்புள்ளிகளுக்கு மேல் உள்ளவரைக் கொல்லாது. அதை முதல் நிலை மந்திரம் மிஞ்சிவிட்டால் நிலைகளுக்கே அர்த்தமில்லாமல் போகும்.

மந்திரத்தின் பெயரும் ஆதாரமாகாது. ‘சில் டச்’ என்ற பெயரைக் கேட்டால் குளிர்ந்த கை தொடுவதாகத் தோன்றும். 2014 நூலில் அது 120 அடி தூரம் பாய்ந்தது. குளிரால் தாக்கவும் இல்லை.

எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலும் சில இடங்களில் முட்டும். அதே பதிப்பில், மறைந்திருப்பவரைக் காணும் மந்திரம் எதிரியைக் கண்ணுக்குக் காட்டியது. ஆனால் மறைந்தவரைத் தாக்கினால் பகடையில் பாதகம் என்ற விதி தனியாக நின்றதால், பார்த்தபடியே தாக்குபவருக்கும் அந்தப் பாதகம் ஒட்டிக்கொண்டது. பல நடத்துநர்கள் இதை ஒதுக்கிவிட்டு ஆடினார்கள். அதில் நியாயமும் இருந்தது. 2024 திருத்தப் பதிப்பு, பார்க்க முடிந்தவருக்கு எதிராக மறைந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று தெளிவாகவே எழுதிவிட்டது.

நூல் திருந்தும்வரை ஆட்டம் காத்திருக்காது. நடத்துநர் அப்போதைக்கு ஒரு முடிவைச் சொல்லி ஆட்டத்தை நகர்த்தலாம். நீண்ட விவாதத்தை ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். அந்த முடிவு எதிரிகள் ஏவும் மந்திரத்துக்கும் அப்படியே பொருந்த வேண்டும். நுரையீரலை நிரப்பலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அடுத்த போரில் எதிரி மந்திரவாதியும் அதையே செய்வான். விதிகளை நல்லெண்ணத்தோடு பொருள்கொள்ள வேண்டும் என்று 2024 நடத்துநர் நூலே கேட்டுக்கொள்கிறது.