இறுக்கினால் மட்டும் போதுமா?

பிக்-அப் வாகனத்தின் உயரத்தைக் குறைத்து ஓட்டும் பழக்கம் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக வேரூன்றியது. உயரத்தைக் குறைத்தவர்களுக்கு அடுத்ததாகப் பரிந்துரைக்கப்படுவது, அடிச்சட்டத்தை இறுக்கும் குறுக்குத் தண்டுகள். இவற்றால் வளைவுகளில் வாகனம் மேலும் கட்டுக்குள் நிற்குமா? சில வாகனங்களில் நிற்கும். பலவற்றில் பணம்தான் விரயமாகும் என்பதே என் கருத்து.

காரில் கூரை, தளம், பக்கச் சுவர் அனைத்தும் ஒரே கூடாக நின்று முறுக்கத்தைத் தாங்குகின்றன. பிக்-அப்பில் ஓட்டுநர் அறையும் சரக்குத் தொட்டியும் தனித்தனி. எனவே, முறுக்கத்தின் பெரும்பகுதியை ஏணி போன்ற அடிச்சட்டமே ஏற்கிறது. பழைய வாகனங்கள் பலவற்றில் அது ஒரு பக்கம் திறந்த ‘சி’ சேனலால் ஆனது. திறந்த வடிவம் எடையைத் தாங்கும். முறுக்கத்துக்கோ எளிதில் இணங்கிவிடும். சுவர்க் கனத்தைப் போல் 10 மடங்கு ஆரமுள்ள குழாயை நீளவாக்கில் பிளந்தால், அதன் முறுக்குறுதி ஏறத்தாழ 300-இல் ஒரு பங்காகிவிடும். ஃபோர்டு எஃப்-150 வாகனத்தின் அடிச்சட்டம் 2004 மாதிரியில் முழுதும் மூடிய வடிவத்துக்கு மாறியது.

ஆனால், சட்டத்தின் உறுதி வேறு, சாலைப் பிடிப்பு வேறு. சட்டமும் ஸ்பிரிங்கும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த இரு வில்களுக்கு ஒப்பானவை. மெலிந்த வில்லே மொத்த உறுதியைத் தீர்மானிக்கும். சட்டம் 10 மடங்கு உறுதியானது எனில், அதை இரட்டிப்பாக்கினாலும் மொத்தத்தில் கூடுவது 5 விழுக்காட்டுக்கும் குறைவே. இரண்டும் சமம் எனில், மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆகவே, கடினமான ஸ்பிரிங்குகளும் தடித்த ஆன்ட்டி-ரோல் பாரும் பொருத்திய பழைய வாகனத்துக்கே இறுக்கம் உண்மையான பயன் தரும்.

உயரம் குறைந்த வாகனத்தின் முதன்மைக் குறை பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. சக்கரம் மேலெழும் இடைவெளி சுருங்கியதால், மேட்டில் ஏறும்போது சஸ்பென்ஷன் ரப்பர் தடுப்பில் மோதுகிறது. அந்நொடியில் டயர் பிடிப்பை இழக்கிறது. எந்தத் தண்டும் இதைத் தீர்க்காது. அதேபோல், முன் ஸ்பிரிங் அடிச்சட்டத்திலேயே அமர்ந்துள்ள வாகனத்தில், எஞ்சின் அறையின் இரு புறங்களையும் மேலே இணைக்கும் தண்டு பெரிதும் அலங்காரமே.

விலக்கில்லாத இடம் ஒன்று உண்டு. பின் அச்சுக்கு இடம்விட நீளச் சட்டத்தை மேல்நோக்கி வெட்டியிருந்தால், அங்கே வலுவூட்டியே ஆக வேண்டும். அது சொகுசுக்காக அல்ல. சட்டம் விரிசல் விடாமலிருக்க. தேர்ச்சியற்ற கையால் செய்த வெல்டிங்கே விரிசலின் தொடக்கமாகவும் அமையலாம்.

எனவே டயர், ஷாக் அப்சார்பர், சக்கரக் கோணம், மேலெழும் இடைவெளி ஆகியவற்றை முதலில் சீர்செய்க. அதன் பின்னும் சட்டம் முறுகுவது தெரிந்தால் இறுக்குக. வெட்டிய சட்டத்துக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. அங்கே உயிர் முந்த வேண்டும்.