குரல் கம்மிய நாளைக் குறித்து வையுங்கள்

அரியலூரில் வேலையால் வரும் நோய் என்று பேச்செடுத்தால் எல்லோரும் தூசைத்தான் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையோரத்து வேப்பிலையில் படிந்திருக்கும் வெள்ளையே அதற்குச் சாட்சி. பெரம்பலூர்ப் பக்கம் கல்குவாரியும் கிரஷரும் இருக்கும் ஊர்களிலும் இதே கவலைதான். நுரையீரலைப் பற்றிய அந்தப் பயம் நியாயமானது. அதே தூசிலும் அதே இரைச்சலிலும் குரல்வளையும் கெடுகிறது என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

"தொண்டை கட்டிக்கிச்சு, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். பெரும்பாலோருக்குச் சரியாகியும் விடுகிறது. ஆகாதவர்கள் பாதிக் குரலோடு மாதக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். விடுப்பு எடுப்பதில்லை என்பதால் அந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கிராமத்து ஈராசிரியர் பள்ளி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். ஒரே அறையில் ஒன்றாம் வகுப்புக்குப் பாட்டும் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கும் நடக்கும். மேலே மின்விசிறி கடகடக்கும். ஜன்னலுக்கு வெளியே வண்டிச் சத்தம். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பாட்டு, கதை, நடிப்பு என்று வகுப்பு கலகலப்பாக நடக்கிறது. குழந்தைகளுக்கு அது மிக நல்லது. அந்தக் கலகலப்பு முழுவதும் ஆசிரியையின் தொண்டையிலிருந்துதான் வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரைச்சலான இடத்தில் நாம் நினைக்காமலே நம் குரல் உயரும். எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதை எழுதிவைத்தார். அவர் பெயராலேயே இன்றும் அது அழைக்கப்படுகிறது. குழந்தைகள் சத்தம் போட, ஆசிரியை குரலை உயர்த்த, அதைக் கேட்டுக் குழந்தைகள் இன்னும் உரக்கப் பேச, வகுப்பு முடிவதற்குள் எல்லோருமே கத்திக்கொண்டிருப்பார்கள்.

பேசும்போது ஒரு பெண்ணின் குரல்நாண்கள் இரண்டும் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆணுக்கு 100 முறைக்குச் சற்று மேல். பள்ளி நேரத்தில் ஓர் ஆசிரியை மொத்தமாக ஒன்றரை மணி நேரம் குரல் எழுப்பினார் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு நாளில் மோதல்களின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டும். சாதாரணக் குரலுக்கு அந்தத் திசு தாங்கும். கத்தும்போது மோதலின் வேகம் கூடுகிறது. மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு காய்ப்பது போல, குரல்நாண் நடுவில் இரண்டு பக்கமும் சிறு காய்ப்புகள் விழுகின்றன. பிறகு நாண்கள் முழுவதும் ஒட்டி மூடாது. இடுக்கு வழியாகக் காற்று கசியும், குரல் கரகரக்கும். சத்தம் வரவில்லையே என்று இன்னும் அழுத்திப் பேசுவார்கள். காய்ப்பு இன்னும் தடிக்கும்.

இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லப் பலர் கூசுவார்கள். குரல்நாணின் மேல்தோல் ஈரமாக இருந்தால்தான் உராய்வு குறையும். அதற்குத் தண்ணீர் குடிக்க வேண்டும். கழிப்பறை சரியில்லாத பள்ளிகளில் ஆசிரியைகள் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். சித்திரை வெயிலில் தூசுக் காற்றில் வறண்ட தொண்டையோடு நாள் முழுக்கப் பேச்சு. கழிப்பறை கட்டுவது குரலைக் காக்கும் வேலை என்று எந்தத் திட்ட அறிக்கையும் சொல்லாமல் இருக்கலாம். உண்மை அதுதான்.

இதன் அளவு தெரிய வேண்டுமானால் எண்ணிப் பார்த்தவர்களிடம் போக வேண்டும். அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் 1,243 ஆசிரியர்களையும் வேறு வேலை செய்யும் 1,288 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளியானது. வாழ்நாளில் ஒருமுறையாவது குரல் கெட்டவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்றவர்களில் 28.8 சதவீதம். அமெரிக்க ஆசிரியர்களின் குரல் கோளாறால் மட்டும், வேலைநாள் இழப்பும் மருத்துவச் செலவுமாக, ஆண்டுக்கு ஏறத்தாழ 250 கோடி டாலர் போகிறது என்று 2001-இல் ஒரு மதிப்பீடு வந்தது. நம் நாட்டில் 1,082 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கேட்ட ஆய்வில் 17.4 சதவீதம் பேர் பணிக்காலத்தில் குரல் கெட்டதைச் சொன்னார்கள். 2008-இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்று பாடகர், ஆசிரியர், அரசியல் பேச்சாளர், கூவி விற்கும் வியாபாரி என்று நான்கு வகையினரைக் கேட்டது. ஆசிரியர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், வியாபாரிகளில் நால்வரில் மூவருக்கும் குரல் தொல்லை இருந்தது. கேட்கும் முறைக்கு ஏற்ப எண் மாறுகிறது. மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் ஆறு ஆசிரியர்களில் ஒருவர்.

ஆசிரியையின் தொண்டை வலி அவரோடு நின்றுவிடுவதில்லை. 2005-இல் வந்த ஓர் ஆய்வில் 107 குழந்தைகளுக்குத் தெளிவான குரல், லேசாகக் கரகரத்த குரல், நன்றாகக் கெட்ட குரல் என்று மூன்று விதக் குரலில் பாடப் பகுதிகளைக் கேட்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். கெட்ட குரலில் கேட்டபோது பதில்கள் தப்பின. லேசான கரகரப்பே போதுமானதாக இருந்தது. கேட்கும் குழந்தை சொல்லைப் பிடிப்பதிலேயே களைத்துவிடுகிறது. பொருளுக்கு மிச்சம் இருப்பதில்லை. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத குழந்தைக்கு, வகுப்பில் காதில் விழுவது ஒன்றுதான் பாடம். ஆசிரியை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார், பாடமும் நடத்தியிருப்பார். ஆனால் பாதிப் பாடம் போய்ச் சேர்ந்திருக்காது.

பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்தில் துறையூர், ஆத்தூர், அரியலூர் என்று நாள் முழுக்கக் கூவும் நடத்துநர்களுக்கும் இதே கதைதான். கிரஷர் பக்கத்திலும் ஆலை இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு வார்த்தை சொல்லவே கத்த வேண்டியிருக்கிறது. அதோடு தூசு, இருமல், ஓயாத கனைப்பு. கனைப்பதும் நாண்களை ஓங்கி மோத வைப்பதுதான். சின்ன வெங்காயம் விற்று வரும் வண்டிக்காரர்கள் மட்டும் இதற்கு வழி கண்டுவிட்டார்கள். விலையை ஒருமுறை பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிறார்கள். தெருவுக்குக் கொஞ்சம் தொல்லைதான். அவர்கள் தொண்டை பிழைத்தது.

ஆசிரியர்களுக்கும் அதுவே பலன் தருகிறது என்று 2002-இல் வந்த ஆய்வு காட்டியது. குரல் கெட்ட 44 ஆசிரியர்களில் ஒரு பிரிவுக்கு இடுப்பில் கட்டும் சிறு ஒலிபெருக்கி, ஒரு பிரிவுக்குக் குரலைப் பேணும் அறிவுரை, ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. ஆறு வாரத்தில் ஒலிபெருக்கி கட்டியவர்களுக்குத் தெளிவான முன்னேற்றம். வெறும் அறிவுரை கேட்டவர்களுக்கு அப்படி இல்லை. இன்று அந்தக் கருவி ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பள்ளிக்கு இரண்டு வாங்க முடியாத நிலையில் நாம் இல்லை.

வீட்டில் செய்துகொள்ளும் வைத்தியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பனங்கற்கண்டு மிளகுப் பால், சித்தரத்தை, அதிமதுரம், உப்புநீர்க் கொப்பளிப்பு எல்லாம் தொண்டைக்கு இதம்தான். ஆனால் விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். கொப்பளிக்கும் நீர் அவ்வளவு கீழே போவதே இல்லை. ஆவி பிடித்தால் ஈரம் போய்ச் சேரும். குரல் போனபோது பலர் கிசுகிசுவென்று அழுத்திப் பேசுகிறார்கள். அதுவும் தொண்டையை இறுக்குகிறது. இரண்டு நாள் பேச்சைக் குறைப்பதுதான் மருந்து. கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் இதற்குப் பெரும்பாலும் உதவாது.

எப்போது மருத்துவரிடம் போவது? அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2009 வழிகாட்டுதல் மூன்று மாதம் வரை பொறுக்கலாம் என்றது. 2018-இல் அதை நான்கு வாரமாகச் சுருக்கிவிட்டார்கள். நான்கு வாரத்தில் குரல் தெளியவில்லை என்றால் குரல்வளையைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் உள்ளவர், சளியில் ரத்தம் கண்டவர், கழுத்தில் கட்டி இருப்பவர், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுபவர், தைராய்டு அறுவைக்குப் பின் குரல் மாறியவர் ஆகியோர் நான்கு வாரமும் காத்திருக்கக் கூடாது. குரல்நாணில் தொடங்கும் புற்றுநோயின் முதல் அறிகுறி கரகரப்புதான். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள், குரலோடு. ஆறு மாதம் கழித்து வந்தால் சிலருக்குக் குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும். குரல்வளையில் காசநோயும் வருவதுண்டு.

பார்க்கும் முறை எளிது. மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய கேமராவை விட்டு ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூரிலிருந்து திருச்சி 60 கிலோமீட்டர்தான். காய்ப்பு என்று தெரிந்தால் முதலில் கத்தி எடுப்பதில்லை. குரல் பயிற்சியிலேயே பலருக்குக் கரைந்துவிடும். அதற்குப் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். செவிக்குறைபாட்டுக்கு 2007-இல் தேசியத் திட்டம் வந்தது. குரலுக்கு அப்படி ஒன்று வரவில்லை.

சட்டத்திலும் இதே குறைதான். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை 29 நோய்களைத் தொழில்நோய் என்று சொன்னது. சிலிக்கோசிஸ் அதில் உண்டு. இரைச்சலால் வரும் செவிக்குறைபாடும் உண்டு. குரல் இல்லை. போலந்தில் நீண்ட காலம் குரலை வருத்தி வேலை செய்தவருக்கு வரும் குரல்நாண் காய்ப்பு தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அங்கே ஆசிரியர்கள் இழப்பீடு கேட்க முடியும். இங்கேயும் அதைச் சேர்க்க வேண்டும். அதுவரை, ஆசிரியர் சேரும்போது ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் குரலைப் பரிசோதிக்க மாவட்ட நிர்வாகங்கள் தாங்களாகவே ஏற்பாடு செய்யலாம்.

வாசகர்களிடம் கேட்பது ஒன்று. உங்கள் குரலோ, உங்கள் பிள்ளையின் ஆசிரியையின் குரலோ, வீட்டில் புகைபிடிக்கும் பெரியவரின் குரலோ கம்மினால், கம்மிய முதல் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். புகையிலைப் பழக்கமோ மேலே சொன்ன ஆபத்து அறிகுறி ஏதாவதோ இருந்தால் அன்றே கிளம்புங்கள். இல்லையென்றால் 28 நாள் எண்ணுங்கள். 29-ஆம் நாளும் குரல் தெளியவில்லை என்றால், அன்று காலை வேலைக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.