கடிதம் வந்துவிட்டது, பாகம் வரவில்லை

2014 அக்டோபரில் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. தெற்கு ஃபுளோரிடா, மெக்சிகோ வளைகுடாக் கரையோரம், ஹவாய், போர்ட்டோ ரிக்கோ என்று வெக்கையும் புழுக்கமும் மிகுந்த பகுதிகளில் ஓடும் சுமார் 2.47 லட்சம் வாகனங்களில் முன்பக்கப் பயணி இருக்கையின் ஏர்பேக் பாகத்தை மாற்றியாக வேண்டும். மாற்றுப் பாகம் கையிருப்பில் இல்லாவிட்டால் அந்த ஏர்பேக்கையே செயலிழக்கச் செய்துவிட்டு, 'இங்கே உட்காராதீர்கள்' என்ற எச்சரிக்கையை வண்டிக்குள் வைத்து அனுப்புவோம் என்றது நிறுவனம்.

முழு விலை கொடுத்து வாங்கிய காரில் முன் இருக்கை ஒன்று அப்படியே காலியாகக் கிடக்க வேண்டியதாயிற்று. பாகம் எப்போது வரும் என்று சர்வீஸ் சென்டரில் கேட்டவர்களுக்குத் தேதி கிடைக்கவில்லை. மாற்றும் வேலை என்னவோ ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிவதுதான். அதற்காகப் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சிலருக்கு ஆண்டுக்கணக்காகவும் ஆனது.

ரீகால் என்ற அறிவிப்பை ஒரே நாளில் செய்துவிடலாம். பழுது நீக்கமோ தொழிற்சாலை பாகம் செய்து தரும் வேகத்தில்தான் நடக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆபத்தைச் சுமப்பவர் காரை வாங்கியவர். கடிதம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று நிறுவனங்களை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தகாட்டா ஏர்பேக் விவகாரத்தைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

தகாட்டா ஒரு ஜப்பானிய நிறுவனம். 1933-ல் நெசவுத் தொழிலில் தொடங்கி, சீட் பெல்ட்டுக்கு வந்து, பிறகு ஏர்பேக் தயாரிப்பில் உலகின் பெரிய பெயர்களில் ஒன்றாக வளர்ந்தது. ஏர்பேக் பைக்குப் பின்னால் இன்ஃபிளேட்டர் என்ற உலோகக் குப்பி இருக்கும். ஓட்டுநர் பக்கத்தில் அது உள்ளங்கையில் அடங்கும் வட்டக் குப்பி, பயணி பக்கத்தில் சற்று நீண்ட உருளை. வண்டி மோதிய கணத்தில் குப்பிக்குள் இருக்கும் ரசாயன வில்லைகள் எரிந்து வாயுவாகி, கண் இமைப்பதற்குள் பையை விரித்துவிடும். இந்த வில்லைகளுக்குத் தகாட்டா தேர்ந்தெடுத்தது அம்மோனியம் நைட்ரேட். உரமாகவும், பாறை உடைக்கும் வெடியிலும் பயன்படுகிற அதே பொருள். விலை குறைவு. ஆனால் ஈரக்காற்று பட்டால் தன்மை மாறக்கூடியது.

பகல் வெயில், இரவுக் குளிர்ச்சி, காற்றில் ஈரம் என்று ஆண்டுக்கணக்கில் மாறி மாறிப் பட்டதில் வில்லைகள் உப்பி, உள்ளுக்குள் நுண்துளைகள் விழுந்தன. முழு விறகுக்கட்டை நிதானமாக எரியும். அதையே சிராய் சிராயாகப் பிளந்து போட்டால் குப்பென்று பிடித்துவிடும் இல்லையா, அதேதான் இங்கும் நடந்தது. துளை விழுந்த வில்லை கட்டுக்கு மீறிய வேகத்தில் எரிய, அழுத்தம் தாங்காமல் குப்பி வெடித்தது. உயிரைக் காக்க வேண்டிய பையைக் கிழித்துக்கொண்டு உலோகச் சில்லுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்ந்தன. பம்பர் நசுங்கியதோடு போயிருக்க வேண்டிய சிறு மோதல்களில்கூட உயிர் போயிருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் 28 பேர் இறந்ததாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு உறுதி செய்திருக்கிறது. காயம்பட்டவர்கள் குறைந்தது 400 பேர்.

முதல் ரீகால் சிறியது. 2008 நவம்பரில் ஹோண்டா சுமார் 4,000 கார்களை மட்டும் அழைத்தது. ஏதோ ஒரு தொகுதி உற்பத்தியில் வந்த குறை என்று நினைத்தார்கள். அங்கிருந்து பெருகிப் பெருகி, அமெரிக்காவில் மட்டும் 6.7 கோடி இன்ஃபிளேட்டர்கள், உலகம் முழுக்கச் சுமார் 10 கோடி என்று நின்றது. இரண்டு கார் நிறுவனங்களுக்கு ஒரே சப்ளையர் என்றால் பரவாயில்லை. இங்கே 19 நிறுவனங்கள் ஒரே கடையில் வாங்கியிருந்தன. கடையில் கோளாறு வந்தபோது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அதே கடை வாசலில் வந்து நின்றார்கள்.

2014 இறுதியில் தகாட்டா மாதத்துக்குச் சுமார் 3.5 லட்சம் மாற்றுப் பாகங்கள் செய்துகொண்டிருந்தது. 2015 மே மாதம் அமெரிக்க அரசு அறிவித்த ரீகால் கணக்கோ ஏறத்தாழ 3.4 கோடி வாகனங்கள். பழைய வேகத்தில் போனால் எட்டு ஆண்டு வேலை. உற்பத்தியைக் கூட்டினார்கள், ஆட்டோலிவ், டைசெல் போன்ற போட்டி நிறுவனங்களிடமும் வாங்கினார்கள். ஆனால் வேறு நிறுவனத்தின் இன்ஃபிளேட்டரை அப்படியே தூக்கி மாட்ட முடியாது. பையின் மடிப்பு, விரியும் விசை, பொருத்தும் இடம் எல்லாம் காருக்குக் கார் வேறு. ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகச் சோதித்துத் தேற வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய மாடல்கள் என்பதால் சில பாகங்களுக்கான உற்பத்தியை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தாமதத்துக்கு இது நியாயமான காரணம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்புக்கொள்ள முடியாதது வேறொன்று. 2016 ஜூனில் அமெரிக்க செனட் உறுப்பினர் பில் நெல்சன் வெளியிட்ட அறிக்கை, டொயோட்டா, ஃபியட் கிறைஸ்லர், ஃபோக்ஸ்வேகன், மிட்சுபிஷி ஆகிய நிறுவனங்களின் புதுக் கார்கள் சிலவற்றில் ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாத தகாட்டா இன்ஃபிளேட்டர்கள் அப்போதும் பொருத்தப்பட்டு விற்கப்பட்டதைச் சொன்னது. 2018-க்குள் அந்தக் கார்களும் ரீகால் ஆகியே தீர வேண்டும் என்பது விற்கும்போதே தெரிந்த விஷயம். ரீகாலில் பழுது நீக்கிக்கொண்ட பலருக்கும் இதே கதைதான். அவர்களுக்குப் பழைய வகைப் பாகமே புதிதாகப் போட்டுக் கொடுக்கப்பட்டது. புதுசு என்பதால் சில ஆண்டுகள் தாங்கும், பிறகு மறுபடி வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். காத்திருந்து பழுது பார்த்தவர் இன்னொரு வரிசையில் போய் நின்றார்.

பாகம் போதாதபோது யாருக்கு முதலில் கொடுப்பது? 2015 நவம்பரில் அமெரிக்க அரசு இதைத் தன் கையில் எடுத்தது. 2016-ல், வெப்பமும் ஈரமும் மிகுந்த மாநிலங்கள் ஏ மண்டலம், அதற்கடுத்தவை பி, குளிர்ப் பகுதிகள் சி என்று பிரித்து, காரின் வயதையும் சேர்த்து முன்னுரிமை வகுத்தது. சரியான யோசனை இது. இல்லாவிட்டால் குளிர்ப் பிரதேசத்தில் முதலில் போன் செய்தவருக்குப் பாகம் கிடைத்து, மயாமியில் வெயிலில் நிற்கும் பழைய கார்க்காரர் கடைசியில் நின்றிருப்பார். 2001 முதல் 2003 வரையிலான சில ஹோண்டா, அக்யூரா மாடல்களில் இருந்த இன்ஃபிளேட்டர்கள் சோதனையில் 50 சதவீதம் வரை வெடித்தன. அந்த வண்டிகளை நேரே டீலரிடம் போவதைத் தவிர வேறெதற்கும் ஓட்டாதீர்கள் என்று 2016-ல் அரசே சொன்னது.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்கச் சட்டப்படி, பழுது பார்க்கக் கொண்டுவந்த வண்டியை 60 நாளில் சரிசெய்யாவிட்டால், நியாயமான காலத்துக்குள் செய்யவில்லை என்பதற்கு அதுவே முகாந்திரமான சான்று. அப்போது வண்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் காலக்கெடுவை நீட்டிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. கோடிக்கணக்கான வண்டிகள் ஒரே வரிசையில் நிற்கும்போது 60 நாள் என்ற விதி சாமானிய உரிமையாளருக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

சோதனைத் தரவுகளைத் திரித்துக் காட்டியதற்காகத் தகாட்டா 2017-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அதே ஆண்டு ஜூனில் திவாலானது. அதன் பெரும்பகுதித் தொழில் இன்று ஜாய்சன் சேஃப்டி சிஸ்டம்ஸ் என்ற பெயரில் நடக்கிறது. கம்பெனி போய்விட்டது, குப்பிகள் போகவில்லை. 2024 ஜனவரியில்கூட டொயோட்டா அமெரிக்காவில் இருபது ஆண்டுப் பழைய கொரோலா உள்ளிட்ட சுமார் 50,000 வண்டிகளின் உரிமையாளர்களை, பழுது நீக்கும்வரை ஓட்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி: வேலைக்கு எப்படிப் போவது? பிரான்சில் இது அனல் பறக்கும் பிரச்சினையானது. சிட்ரோயன் சி3, டிஎஸ்3 கார்களை உடனே நிறுத்துங்கள் என்று 2024-ல் ஐரோப்பாவின் தென்பகுதி உரிமையாளர்களுக்குக் கடிதம் போனது. பாகத்துக்கும் சர்வீஸ் தேதிக்கும் வாரங்கள், மாதங்கள் ஆயின. பஸ் வசதி இல்லாத கிராமத்தில் இருப்பவரால் வீட்டு வாசலில் நிற்கும் காரைத் தொட முடியாது. 2025 ஜூனில் ரேன்ஸ் நகரில் ஒரு பெண் ஏர்பேக் வெடித்து இறந்த பிறகே நாடு முழுவதற்கும் அந்தத் தடை விரிந்தது. பிரான்சின் உயிரிழப்புகளில் பெரும்பாலானவை வெப்பமண்டலத்தில் இருக்கும் அதன் கடல்கடந்த பகுதிகளில் நேர்ந்தவை. 19-ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் வாழும் ரீயூனியன், குவாதலூப், மார்ட்டினிக் எல்லாம் அந்தப் பகுதிகள்தான். மலேசியாவிலும் பல உயிர்கள் போயின. வெயிலும் ஈரமும் எங்கே கூடுதலோ அங்கேதான் குப்பி சீக்கிரம் கெடுகிறது.

தாமதம் தவிர்க்கவே முடியாததா? ஆஸ்திரேலியா 2018-ல் சட்டப்படி கட்டாய ரீகால் கொண்டுவந்தது. சுமார் 30 லட்சம் வாகனங்கள், 40 லட்சம் ஏர்பேக்குகள், 2020 டிசம்பர் 31-க்குள் முடித்தாக வேண்டும் என்று கெடு. மிக அபாயகரமான வண்டிகளை உரிமையாளர் ஓட்டிவரத் தேவையில்லை, நிறுவனமே இழுத்துச் செல்ல வேண்டும் அல்லது மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அழைத்தும் வராதவர்களின் வாகனப் பதிவை மாநில அரசுகள் நிறுத்தி வைத்தன. கெடு முடிந்தபோது 99.9 சதவீதத்துக்கும் மேல் கணக்குத் தீர்ந்திருந்தது.

செவ்ரோலே போல்ட் மின்சாரக் காரிலும் ஒரு பாடம் உண்டு. பேட்டரி தீப்பிடிக்கும் ஆபத்தால் 2021 ஆகஸ்டில் சுமார் 1.4 லட்சம் கார்கள் முழுவதும் ரீகால் ஆயின. 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள் என்ற கட்டுப்பாடுகளோடு உரிமையாளர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தது உண்மை. ஆனால் அதைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் புது போல்ட் கார்களின் உற்பத்தியை 2022 ஏப்ரல் வரை ஏறக்குறைய நிறுத்திவைத்து, கிடைத்த பேட்டரிகளை முதலில் ரீகால் வண்டிகளுக்குத் திருப்பியது. விற்ற காருக்கா, விற்கப்போகும் காருக்கா என்று வரும்போது, பணம் கொடுத்தவருக்கு முதலிடம் தருவதே நியாயம். அதை நிறுவனத்தின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடாமல் சட்டமாகவே எழுதிவைக்கலாம்.

கை மாறிய வண்டிகள் தனிச் சிக்கல். கடிதம் பெரும்பாலும் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போகிறது. ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் வாகனங்களை இறக்கும் இலங்கை போன்ற நாடுகளில் உற்பத்தி நிறுவனத்தின் பதிவேட்டுக்கும் இன்றைய உரிமையாளருக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடக்கூடும்.

இந்தியாவிலும் ஹோண்டா பல தவணைகளில் சிட்டி, ஜாஸ், சிவிக், அக்கார்டு மாடல்களைத் தகாட்டா இன்ஃபிளேட்டருக்காக அழைத்தது. அப்போது ரீகால் என்பது நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்வது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு அரசுக்கு ரீகால் உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. பணத்தைத் திருப்பித் தருதல், வண்டியை மாற்றித் தருதல், பழுது நீக்குதல் மூன்றும் அதில் உண்டு. 2021 ஏப்ரல் முதல் விதிகள் நடைமுறையில் இருக்கின்றன, அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. ஆனால் கட்டாய ரீகால் ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்குத்தான். தகாட்டா குப்பியோ வயது ஏற ஏற ஆபத்தானது. ஓட்டுநர் ஏர்பேக் இந்தியாவில் கட்டாயமானது 2019 ஜூலையில். அந்த வண்டிகள் இப்போது ஏழு வயதைத் தொடுகின்றன. கடற்கரையின் ஈரக்காற்றில் வண்டிகள் ஓடும் நாட்டில் இந்த வரம்பை மாற்றியே ஆக வேண்டும்.

ஆர்.சி. புக்கில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால், நிலுவையில் ரீகால் இருக்கிறதா என்று பார்க்கலாம். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குமுன் இதைப் பார்த்துவிடுவது அவசியம். ரீகால் பழுதுக்குக் காசு கிடையாது. பாகம் இல்லை என்றால், வண்டி கொண்டுவந்த தேதியோடு அதை எழுத்தில் வாங்குங்கள், அதுவரை ஓட்டலாமா என்ற பதிலையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் கையில் இருக்க வேண்டிய காகிதம் அதுதான்.