பழைய காரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



சிங்காரப்பேட்டையில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை அமர்ந்திருந்தேன். முன்பு என்னிடம் பயின்று, இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞன் ஒருவன் வந்தான். "ஐயா, பழைய கார் ஒன்றை வாங்கி, என் கையாலேயே புதுப்பிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டாண்டுச் சேமிப்பு கையில் இருக்கிறது. எதை வாங்கலாம்?" என்று கேட்டான். அவனுக்கு நான் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

அவன் விரும்பியது விரைந்து செல்லும் சிறிய ஹாட்ச்பேக் கார். பின்புறத்தில் தனிப் பெட்டியின்றி, பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் காருக்கே அப்பெயர். 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த 'மினி' கார், எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சக்கரங்களை இயக்கியது. அதனால் சிறிய வண்டிக்குள்ளும் இடம் தாராளமாகக் கிடைத்தது. 1976இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த 'கோல்ஃப் ஜி.டி.ஐ.' என்னும் ஹாட்ச்பேக் கார், 110 குதிரைத்திறன் எஞ்சினைக் கொண்டிருந்தது. எடை குறைவாகவும் ஆற்றல் மிகுதியாகவும் இருந்தால் வண்டி விரையும் என்பது நீங்கள் இயற்பியலில் படித்ததுதானே?

நம் நாட்டில் இவ்வகையில் மூன்று கார்களைக் குறிப்பிடலாம். 1993இல் வந்த மாருதி ஜென் 993 கன சென்டிமீட்டர் எஞ்சினும் 50 குதிரைத்திறனும் உடையது. ஆனால் அதன் எடை 800 கிலோவுக்கும் குறைவு. 2001இல் வந்த ஃபியட் பாலியோவின் 1.6 லிட்டர் வகை 100 குதிரைத்திறன் உடையது. 2005இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் 1.3 லிட்டர் எஞ்சினும் 87 குதிரைத்திறனும் கொண்டது. இம்மூன்றில் ஒன்றையே வாங்குவதென்று அந்த இளைஞன் எண்ணியிருந்தான்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1994ஆம் ஆண்டில், இளம் ஆசிரியனாக இருந்தபோது, என் மனைவியின் வளையல்களை அடகு வைத்துப் பழைய கார் ஒன்றை வாங்கினேன். எஞ்சினின் ஓசை இனிதாக இருந்தது, வண்ணம் பளபளத்தது. மூன்றாம் மாதம் சக்கரத்தைக் கழற்ற ஜாக்கியை வைத்தேன். வண்டி மேலெழவில்லை, ஜாக்கி அடித்தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. அத்தகடு முழுவதும் துரு. இறுதியில் அந்தக் காரை இரும்பு விலைக்கே விற்றேன். வளையல்களை மீட்க இரண்டாண்டுகள் ஆயின.

அன்று நான் கற்றது இதுதான்: எளிதில் மாற்ற முடியாதவற்றை முதலில் பார்க்கவேண்டும், மாற்றக்கூடியவற்றைப் பிறகு பார்க்கலாம்.

முதலாவது, உடல். சென்னையில் முன்பு தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குத் தனிச் சட்டம் உண்டு. உடல் அதன்மேல் பொருத்தப்பட்டது. நாம் பேசும் மூன்று கார்களுக்கும் அப்படியில்லை. உடலே சட்டம். ஆகவே அடித்தகடும், கதவுகளின் கீழ்ப்பட்டையும், முன்சக்கரத் தாங்கிகள் பொருந்தும் இடமும் துருப்பிடித்தால் வண்டியின் வலிமையே போயிற்று. மிதியடி விரிப்பை நீக்கிப் பாருங்கள். ஒரு சிறு காந்தத்தைத் தகட்டின்மேல் வைத்துப் பாருங்கள். அது ஒட்டாத இடத்தில், இரும்புக்கு மேல் பட்டி தடித்திருக்கிறது என்று அறியலாம்.

இரண்டாவது, ஆவணம். நம் பகுதி கர்நாடக எல்லையை ஒட்டியது. பெங்களூரில் மலிவாகக் கிடைக்கும் வண்டி நம் இளைஞர்களை எளிதில் ஈர்க்கும். ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பிற மாநிலப் பதிவுள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்குமேல் இங்கே வைத்திருந்தால் புதிய பதிவெண் பெறவேண்டும். அதற்கு அம்மாநிலப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று தேவை. இங்கே வரியும் செலுத்தவேண்டும். சொந்தக் காரின் முதற்பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்ச் சோதனைக்கு உட்படுத்திப் புதுப்பிக்கவேண்டும். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, உதிரிப்பாகம். இந்தியாவில் ஃபியட் கார்களின் விற்பனை நின்றுவிட்டது. ஆகவே பாலியோவின் விளக்கு, கண்ணாடி போன்றவற்றைத் தேடி அலைய நேரும். மாருதி வண்டிகளுக்கு இத்துன்பம் குறைவு.

எஞ்சின் நான்காவதே. தேய்ந்த எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடலாம். ஆனால் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினானால், வாங்கியவுடன் அதை மாற்றிவிடுங்கள். சில எஞ்சின்களில் அந்த ரப்பர்ப் பட்டை அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். கையிலுள்ள பணத்தில் பாதிக்குமேல் விலையாகக் கொடுக்காதீர்கள். மறுபாதி பழுதுபார்க்க வேண்டும்.

அந்த இளைஞன் பெங்களூரில் ஒரு பாலியோவைக் கண்டு மயங்கினான். காந்தம் மூன்று இடங்களில் ஒட்டவில்லை. வண்டியின்மீது வாங்கிய கடனும் தீர்க்கப்படவில்லை. ஓசூரில் பார்த்த ஸ்விஃப்ட் நல்ல வண்டிதான். ஆனால் அதன் விலை அவன் சேமிப்பு முழுவதையும் விழுங்கியிருக்கும். இறுதியில் கிருஷ்ணகிரியில் ஒரு ஜென் கிடைத்தது. வண்ணம் மங்கியிருந்தது, எஞ்சின் நீலப்புகை கக்கியது. ஆயினும் அடித்தகடு உறுதியாக இருந்தது; ஆவணங்கள் யாவும் ஒழுங்காக இருந்தன.

"இதையா வாங்கச் சொல்கிறீர்கள், ஐயா?" என்று முகம் வாடினான்.

"தம்பி, புகையை உன்னால் நிறுத்தமுடியும்," என்றேன்.

முதலில் பிரேக்கைச் செப்பனிட்டான். பிறகே எஞ்சினைத் திறந்தான். ஞாயிறுதோறும் வேலை நடக்கிறது. வண்ணம் இன்னும் பூசவில்லை. சென்ற மாதம் அந்த வண்டியில் என்னை ஊத்தங்கரை வரை அழைத்துச் சென்றான். புகை இல்லை. வழியில் ஒரு சக்கரம் காற்றிறங்கியது. அவன் ஜாக்கியை வைத்தபோது, நான் இறங்கிப்போய்க் குனிந்து பார்த்தேன். வண்டி நேராக மேலெழுந்தது.