தேடுவோர் பலர், பொறுப்பாளர் ஒருவர்

மண்சரிவு நடந்த இடத்துக்கு முதலில் ஓடி வருபவர்கள் அயலவர்களே. மண்வெட்டியும் அலவாங்கும் அவர்களது கருவிகள். பின்னர் இராணுவம், பொலிஸ், அம்புலன்ஸ், மண் அள்ளும் இயந்திரம் என எல்லாம் வந்து சேரும். ஒருவர் "இங்கே தோண்டுங்கள்" என்பார்; மற்றவர் "அங்கே" என்பார். இந்த இரைச்சலில் மண்ணுக்குள்ளிருந்து வரும் குரல் கேட்காமலே போகலாம். ஆகவே மீட்புப் பணியின் முதல் வேலை, யார் பொறுப்பு என்று தீர்மானிப்பதாகும்.

1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பெருங்காட்டுத்தீ பரவியது. பல ஊர்த் தீயணைப்புப் படைகள் உதவிக்கு வந்தன. ஆனால் படைகளுக்கிடையே தொடர்பு சரிவர அமையவில்லை. அவரவர் தலைவர் அவரவர்க்குக் கட்டளையிட்டார். அந்த அனுபவத்தின் பின் வகுக்கப்பட்ட முறையை இன்று பல நாடுகள் கைக்கொள்கின்றன. அதன் விதிகள் எளியவை:

1. ஓர் இடத்துக்கு ஒரே தலைமை. பொறுப்பாளர் மாறினால், அடுத்தவருக்கு நிலைமையை விளக்கிய பின்னரே செல்வார்.

2. ஒவ்வொருவரும் ஒருவருக்கு மட்டுமே பதில் சொல்வார். ஒரு தலைவரின் கீழ் 3 முதல் 7 பேர்.

3. தேடுதல், திட்டமிடல், பொருள் வழங்கல், செலவுக் கணக்கு ஆகியவை தனித்தனிப் பிரிவுகள்.

4. மற்றவர்கள் தோண்டும்போது, மலை மீண்டும் சரிகிறதா என்று பார்த்திருக்க ஒருவர். அவர் விசில் ஊதினால் எல்லோரும் வெளியேற வேண்டும்.

பத்துப் பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு ஒருவர் எனத் தலைவர்களை நியமிக்கும்படி மோசேக்கு அவரது மாமனார் சொன்ன ஆலோசனையும் இதுவே அல்லவா?

நமது நாட்டில் 2004 சுனாமிக்குப் பின், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. அதன் அவசர தொலைபேசி இலக்கம் 117. மாத்தளை மாவட்டத்தில் மாவட்டச் செயலாளரும், உக்குவளையில் பிரதேச செயலாளரும், கிராமத்தில் கிராம உத்தியோகத்தரும் பணிகளை ஒருங்கிணைப்பர். பெரிய மண்சரிவுகளில் தேடும் பணியை இராணுவத்தினரே பெரும்பாலும் முன்னின்று நடத்துகின்றனர்.

இதில் நமது பங்கு என்ன? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டன. நூற்றுக்கு மேற்பட்டோரைக் காணவில்லை என்று முதலில் செய்தி வந்தது. பின்னர் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பிள்ளைகள் பலர் பாடசாலை சென்றிருந்தனர். எத்தனை பேரை, எந்த அறையில் தேடுவது என்று தெரியாவிட்டால் எந்தத் தலைவரும் தடுமாறுவார்.

இடம்பெயர்ந்த நமக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். நமது பெயர் பழைய ஊரின் பட்டியலில் இருக்கலாம்; நாம் உறங்குவதோ முகாமில் அல்லது உறவினர் வீட்டில். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலையகப் பாதைகள் பல ஒரே வேளையில் அடைபட்டன. அத்தகைய நேரத்தில் வெளியார் வரும்வரை அயலவரில் ஒருவரே பொறுப்பாளர்.

ஆகவே இந்த வாரமே பத்துக் குடும்பங்கள் கூடி ஒரு தலைவரைத் தெரிவு செய்வோம். யார் எங்கே உறங்குகிறார், நடக்க முடியாதவர் யார் என்று பட்டியல் எழுதி, ஒரு பிரதியைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுப்போம். வெளியூர் செல்லும்போது தலைவரிடம் சொல்லிச் செல்வோம். மீட்புக் குழு வந்ததும் அதன் பொறுப்பாளர் யார் என்று கேட்டு, பட்டியலை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் சொற்படி நடப்போம்.