அது எறும்பு இல்லீங்க, வண்டு

"நெல்லுல சிவப்பும் கருப்புமா ஒரு எறும்பு ஓடுது. ஏதாச்சும் அடிக்கணுமா?" நட்டு ஒரு மாதம் ஆனால் இந்தக் கேள்வி வந்துவிடும்.

அடிக்க வேண்டாம். அது ரோவ் வண்டு. நீளம் ஒரு அரிசி அளவுதான். தலை கருப்பு, கழுத்துப் பக்கம் ஆரஞ்சு, அடுத்து கருநீலமாய் மினுங்கும் இறக்கை உறை, பிறகு வயிறு மறுபடியும் ஆரஞ்சு, வால் நுனி கருப்பு. அந்த உறையைத்தான் உற்றுப் பார்க்கணும். பெரியவர் சின்னப்பிள்ளை சட்டையைப் போட்ட மாதிரி, வயிற்றின் பெரும்பகுதி வெளியே தெரியும். இதே நிறத்தில் ஒரு தரைவண்டும் உண்டு. அதற்கு உறை வயிற்றை ஏறக்குறைய முழுதாக மூடியிருக்கும். அதுவும் நம்ம ஆளுதான், விட்டுவிடுங்கள்.

ரோவ் வண்டு புகையான், தத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப் புழுவின் குஞ்சு என்று தேடித் தின்னும். அதன் புழுவும் வேட்டைக்காரன்தான்.

சீண்டினால் தேள் மாதிரி வாலைத் தூக்கும், ஆனால் கொட்டாது, கடித்து விஷம் ஏற்றாது. விஷம் அதன் உடம்புச் சாறில் இருக்கிறது. கழுத்தில் ஊரும்போது பட்டென்று அடித்து நசுக்குகிறோமே, அங்கேதான் வினை. உடனே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து, இழுத்த கோடு மாதிரி சிவந்து, எரிந்து, கொப்புளிக்கும். நம்ம ஊரில் இதை அக்கி என்று நினைத்துக் காவி எழுதப் போகிறவர்கள் உண்டு. ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டுவிட்டால் தண்ணீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.

இன்னொன்று, இது நம்மையே குத்தும் விஷயம். விளக்குப்பொறி வைக்கிறோம் இல்லையா, இந்த வண்டும் வெளிச்சத்துக்கு வந்து அதில் விழும். விடிய விடிய எரிய விட்டால் நம்ம கூலியில்லா ஆளை நாமே கொல்கிறோம். முன்னிரவில் சில மணி நேரம் எரித்து அணைத்துவிடலாம். காலையில் தட்டை ஒருமுறை பாருங்கள், வெறும் கையால் கிளறாமல். சிவப்பு வண்டு நிறைய கிடந்தால் சில நாளைக்கு விளக்கே வேண்டாம்.

வரப்புப் புல்லையும் ஒரே நாளில் வழித்துவிடாதீர்கள். ஈரமும் நிழலும் உள்ள அந்த இடத்தில் அது ஒதுங்கும்.